ஜமால்தீன் வென்ற ரோடு

— அப்ப எஞ்சினியர் தொர கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டு என்னப் பாக்கிறாரு றலியா, நான் அவரப் பாக்கிறன். கவுன்சில் கந்தோருக்குள்ள நெறயச் சனம். பக்கத்து வீட்டுக் கிளறன்ஸ் ஐயா தான் எழுதின பெட்டிசத்த மேசையில வெச்சிட்டு மெல்ல ஒதுங்கிட்டாரு. அவருக்கு எழுத வரும், தொரமாருக்கு முன்னால வாய் வராது. அதுக்குத்தான் இந்த ஜமால்தீன். வெளங்குதா?

— வெளங்குது. சோறு ஆறுது.

— சோறு ஆறட்டும், நீ கேளு. இண்டைக்கு அஸர் தொழுதிட்டு வாறம், கல்லு உருட்டி முடிச்சு ரோடு கெடக்குது, பாய் விரிச்ச மாதிரி. ரெண்டு மாட்டு வண்டி எதிரும் புதிருமா வந்திச்சி. ஒண்டோட ஒண்டு ஒரசாமப் போச்சி, நம்மட ரோட்டுல. முந்தி ஒரு வண்டி வந்தா நாம வேலியோட ஒட்டிக்கிட்டு நிக்கணும், மாடு நம்மட சாரனத் தின்னும்.

— பாத்தன். ஜன்னலால பாத்தன்.

— பாத்திட்டுமா மொகத்த இப்பிடி வெச்சிக்கிட்டு ஈக்கிற? ஊரே என்ட கையப் பிடிச்சு ஸலாம் செல்லுது. வீட்டுல ஒரு சிரிப்பில்ல.

— செல்லுங்க. தொர ஒங்களப் பாத்தாரு. அதுக்குப் பொறகு?

— ஆ. தொர கேக்கிறாரு, ஸெய்னுலாப்தீன் ஹாஜியார்ட காணி, அவரு வீடு கட்டுறாரு, ஒங்களுக்கு அதுல என்ன கேடுண்டு. நான் சென்னன், ஹாஜியார் நல்ல மனிசன், கட்டட்டும், ஆனா அவரு கட்டப் போறது ஒரு வீடில்ல, ஆறு வீட்டு லைன். ரோட்ட ஒட்டிக் கட்டினா வாசப்படி ரோட்டுல நிக்கும், ஊத்தத் தண்ணிக் கானும் ரோட்டுலதான் ஓடும். வாற ஆக்கள் யாரு எவருண்டும் தெரியா. அது போகட்டும். மௌத்தான ஆக்கள வெச்சுத் தூக்கிப் போற சந்தூக்கு அந்த முடக்கால திரும்பாது தொர, எங்கட மையத்த சரிச்சா நாங்க கொண்டு போறண்டு கேட்டன். அதக் கேட்டதும் அவரு பேனைய வெச்சிட்டாரு. கிளறன்ஸ் ஐயாவூட்டு அந்தோனியம்மாட மாதா கோயில் சுரூபம் வருஷத்துக்கு ஒருக்கா இந்த ரோட்டாலதானே வருது, அதுவும் திரும்பாதுண்டு அதையும் சென்னன். எல்லாச் சனத்துக்காகவும் பேசினன் நான், ஒருத்தரயும் விடல்ல.

— ஒருத்தரயும் விடல்லயா?

— விடல்ல. கேளு, இனித்தான் விஷயம். தொர படத்தப் பாத்திட்டு, அஞ்சடி பின்னால தள்ளிக் கட்டினாப் போதும்டாரு. ஹாஜியாரும் சரிண்டுட்டாரு. வேற ஒருத்தன்டா ஸலாம் வெச்சிட்டு வந்தீப்பான். நான் எழும்பல்ல. பத்தடிண்டு நின்டன். ஹாஜியார் என்னத் திரும்பிப் பாக்கிறாரு, மச்சான் என்ட காணிய நீ திங்கிறியாண்டு. பின்னால ஈக்கிறது வெறும் பத்தைக் காடுதானே ஹாஜியார், அங்க ஒருத்தரும் போறதில்ல, தள்ளுங்கண்டு சென்னன். தொர கேட்டாரு, மெய்யா, பின்னால ஆக்கள் நடக்கிறதில்லயாண்டு. இல்ல தொர, ஒரு குருவி போறதில்லண்டன். அதோட பத்தடி எழுதிட்டாங்க.

— ஒரு குருவி போறதில்லண்டா சென்னீங்க?

— சென்னன். ஏன்?

— ஒண்டுமில்ல. சாப்பிடுங்க.

— நீ திண்டியா? ஹாஜியார்ட பின் மதில் எழும்பின நாள்ல இருந்து நீ ஒழுங்காத் திங்கிறயில்ல. நான் பாக்காமயா ஈக்கிறன்? காச்சலா ஒனக்கு? நம்மட ஊர்க் கங்கை வத்திப் போய்ப் பாலத்துக்குக் கீழ பாறை தெரியுது, குட்டைக்குக் குட்டை நுளம்பு மொய்க்குது, ஊரெல்லாம் நடுங்கிக்கிட்டுக் கெடக்குது. கொய்னா மருந்து குடிச்சியா?

— எனக்கில்ல காச்சல்.

— அப்ப யாருக்கு? இந்த வீட்டுல ஈக்கிறது நாம ரெண்டு பேரு.

— ஓ. இந்த வீட்டுல ரெண்டு பேருதான்.

— மொதலாளி... மொதலாளி, உள்ள இருக்கீங்களா? நான்தாங்க, பக்கத்து வீட்டு அந்தோனியம்மா.

— வாங்க அந்தோனியம்மா. கிளறன்ஸ் ஐயா எங்க? ரோட்டப் பாத்தாரா? இண்டைக்கு அவருக்கும் ஒரு மாலை போட்டீக்கணும்.

— பாத்தாருங்க. அக்காவக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்களேன். ஒரு சேதி.

— இஞ்சயே செல்லுங்க. என்ட வீட்டுல எனக்கு ஒளிக்கிற சேதி என்ன?

— செல்லுங்க அந்தோனியம்மா. எனக்கிட்ட ஒளிச்சு வெக்க இனி ஒண்டுமில்ல.

— அக்கா, பாயிஸாவுக்கு நோவு எடுத்திருச்சுக்கா. மாசம் இன்னும் முடியல. மூணு நாளா காச்சலு வேற, ஒடம்பு அனலாக் கொதிக்குது. மருத்துவச்சி வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம ஒக்காந்திருக்கு. நான் எத்தன பிரசவம் பாத்தவ, அவ மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தெரியுதுக்கா. மருமகன் டாக்டரக் கூட்டியாறேன்னு கண்டிக்கு பஸ் ஏறிப் போயிருக்காரு. டாக்டருங்க எல்லாம் காச்சக்காரங்களோட கெடக்காங்க, யாரு கெடைப்பாங்களோ மாதாவுக்குத்தான் தெரியும்.

— அவ... அந்தப் புள்ள ஏதும் கேட்டிச்சா?

— தண்ணி கேட்டுச்சு. அப்பறம் உம்மா எங்கேன்னு கேட்டுச்சு. முன்வாசப் பக்கம் திரும்பவே மாட்டேங்குது மொதலாளி, பின்கதவத் தொறந்து வைக்கச் சொல்லி, அந்தப் புது மதிலையே பாத்துக்கிட்டு கெடக்கு. உம்மா இப்பிடித்தான் வரும், இப்பிடித்தான் வரும்னு காச்சல்ல பொலம்புது. மதிலு கட்டினதக்கூட மறந்துருச்சு.

— இஞ்ச கொண்டு வரேலாதா? ஒரு வண்டியில, ஆக்களப் போட்டுத் தூக்கி?

— அசைக்கவே கூடாதுன்னு மருத்துவச்சி சொல்லுதுங்க. இந்த நெலமையில தூக்கினா வழியிலயே போயிரும். நான் போறேன், தண்ணி கொதிக்க வச்சிட்டு வந்தேன். அக்கா, நான் என்ன சொல்ல? ஒங்க வீட்டு நடப்பு எனக்குத் தெரியும். கேக்காமப் போனா அந்தப் பொண்ணு மூஞ்சியில நான் முழிக்க முடியாது, அதான் வந்தேன். வாறேங்க மொதலாளி.

— றலியா.

— ம்.

— பின்கதவு... பின்கதவப் பாத்துக்கிட்டு ஏன் கெடக்கிறா?

— நான் அதாலதான் போறது. மூணு வருஷமாப் போறன். நீங்க கடைக்குப் போனதும் நம்மட குசினிக்குப் பின்னால வேலியில ஒரு தொறப்பு ஈக்கி, அதால எறங்கினா ஹாஜியார்ட பத்தை. அதுக்குள்ளால போனா றமீஸாட வீட்டு வேலி, அதுல ஒரு தொறப்பு, அதத் தாண்டினா பாயிஸாட குசினி. இந்த ரோட்டு வீடு எல்லாத்துக்கும் அப்பிடி ஒரு தொறப்பு ஈக்கி. பொம்புளைகளுட வழி. நாங்க மாவு கடன் வாங்கப் போறதும் புள்ளப்பெத்த வீட்டுக்குப் போறதும் அதாலதான். ஆம்புளைகளுக்கு முன்னால ரோட்டுல நடக்கத் தேவல்ல எங்களுக்கு. ஒரு குருவி போறதில்லண்டு சென்னீங்களே, இந்த ஊர்ப் பொம்புள அத்தன பேரும் அதாலதான் போனம். அந்த வழிக்கு மேலதான் ஹாஜியார் மதில் கட்டீக்கிறாரு.

— அஞ்சடியோட விட்டீந்தா?

— தப்பீக்கும். ஆக்கள் மதிலுக்கு முளை அடிச்ச அண்டைக்கே றமீஸாவும் நானும் போய்ப் பாத்தம். அஞ்சடியோட விட்டீந்தா மதிலுக்கு அந்தப் பக்கம் நடக்க எடம் ஈந்தீக்கும். நீங்க வாங்கின மத்த அஞ்சடிதான் அதத் திண்டது. இப்ப மதில் ஒரு பக்கம் பாறையில போய் முட்டுது, மத்தப் பக்கம் ஓடைப் பள்ளம்.

— பாத்திட்டு வந்து எனக்கிட்ட ஒரு வார்த்த செல்லேலாதா நீ?

— என்னத்தச் செல்ல? ஒங்களுக்கு ஒளிச்சு ஒங்கட மகளப் பாக்கப் போறன், அந்த வழிய அடைக்காதீங்கண்டா? பெட்டிசத்துக்கு நம்மட முன்கூடத்துல இருந்துதானே பேசினீங்க. கதவுக்குப் பின்னால தேத்தண்ணியோட நின்டு எல்லாம் கேட்டன். வண்டி, கான், சந்தூக்கு, சுரூபம் எல்லாம் வந்திச்சி. ஒரு வாயில கூட எங்கட வழி வரல்ல. நான் வாயத் தொறந்தா, நீ ஏன் அதால போறண்டு நீங்க கேப்பீங்க. கேட்டா நான் பொய் செல்லணும், இல்லாட்டி மெய் செல்லணும். ரெண்டுக்கும் பயந்து தேத்தண்ணிய வெச்சிட்டுப் போயிட்டன்.

— யா அல்லாஹ்.

— ஒங்களுக்கு ஞாபகம் ஈக்கா, அண்டைக்கு நீங்க சென்னது?

— மறக்கிறதா அது?

— ஜும்ஆ தொழுக விட்டுச் சனம் வாற நேரம். ரோட்டு நடுவுல தாஸிம்ட சட்டையப் பிடிச்சிக்கிட்டு நின்டீங்க. ஒங்கட கூடப் பொறந்த மூத்தவ, தாத்தாட மகன், நீங்க தூக்கி வளத்த புள்ள, ஒங்கட கடையில தொழில் படிச்சவன், மகளையும் குடுத்தீங்க. அவன் ஒங்கட கடைக்கு முன்னாலயே தனியா ஒரு புடவக் கடை போட்டுட்டான்டு ஒங்களுக்கு ஆத்திரம். அவன் போட்டது பிழைதான், நான் இல்லண்டு செல்லல்ல. ஆனா அதுக்கு மகள் என்ன செஞ்சா? அவ மாப்பிள்ளையப் பிடிச்சு இழுத்தா, வாப்பா விடுங்கண்டு அழுதா. அப்பத்தான் நீங்க நம்மட வாசலப் பாத்து என்னக் காட்டிச் சென்னீங்க. இந்த ரோட்டால இவ அவட வீட்டுக்குப் போனா, எனக்கு இவ மூணு தலாக்குண்டு. அவ்வளவு சனமும் கேட்டிச்சி.

— நாலு ஆலிமுக்கிட்டப் போய்க் கேட்டன் றலியா. கண்டியில ரெண்டு பேரு, அக்குறணையில ரெண்டு பேரு. எல்லாரும் ஒண்டுதான் சென்னாங்க. வாய விட்டது விட்டதுதான். பொண்டாட்டி போனா தலாக்கு நடந்துடும், போகாட்டி நடக்காது.

— கேட்டீங்களா? எப்ப?

— அந்தக் கிழமையே. கோவம் ஒரு நாளையில அடங்கிட்டு. சென்னது அடங்கல்ல.

— அண்டையில இருந்து அவட பேரு இந்த வீட்டுல எழும்பக் கூடாண்டும் சென்னீங்க. முந்தி நான் ஒங்கள பாயிஸாட வாப்பாண்டு கூப்பிடுவன். ஒங்கட சொந்தப் பேரச் செல்லி நான் கூப்பிட்டதில்ல. மூணு வருஷமா ஒங்களக் கூப்பிட எனக்கு ஒரு பேரில்ல. இஞ்சருங்க, இஞ்சருங்கண்டு செவத்தோட பேசிக்கிட்டு ஈக்கிறன்.

— வேலியில தொறப்பு ஈக்கிண்டு செல்றியே, அது எப்பிடி மூணு வருஷம் தொறந்து கெடந்திச்சிண்டு யோசிச்சியா நீ?

— என்ன செல்றீங்க?

— வருஷா வருஷம் நோம்புக்கு முந்தி இருளப்பன் வந்து வேலி கட்டுறான். புதுக் கம்பு, புது மூங்கில், மூலைக்கு மூலை கட்டுறான். குசினிக்குப் பின்னால மட்டும் ஏன் கட்டாமப் போறான்? மறந்தா? அங்க கை வெக்காதண்டு நான்தான் அவனுக்குச் சென்னன். கடைத்தெருவுல இருந்து பேரீச்சம்பழம் கொண்டாறன், கற்கண்டு கொண்டாறன். எனக்குப் பல்லில்ல, நீ இனிப்புத் திங்கிறயில்ல. கொண்டந்து குசினியில வெப்பன், அடுத்த நாள் ஈக்காது. எங்க போச்சிண்டு ஒருக்காலும் கேட்டனா? போன மாசம் வெள்ளத் துணி ஒரு துண்டு கொண்டந்து வெச்சன், என்னத்துக்குண்டு நீயும் கேக்கல்ல. அது புள்ளக்கி.

— நீங்க தெரிஞ்சிக்கிட்டா ஈந்தீங்க?

— அண்டைக்கு ரோட்டுல எனக்கு வாயில வந்தது அது இல்ல. அவட வீட்டுக்குப் போனா தலாக்குண்டுதான் வந்திச்சி. நீ கதவு நிலையில நின்டு என்னப் பாத்த. தலாக்கு எண்ட சொல்லு நாக்கு நுனிக்கு வந்திட்டு, அதத் திருப்பி விழுங்கேலா. சனம் பாக்குது, மருமகன் பாக்கிறான், எனக்கு எறங்கி வரவும் தெரியா. அதுக்குள்ள ‘இந்த ரோட்டால’ண்டு ஒண்ட முன்னால சேத்துக்கிட்டன். பின்னால பொம்புளைகளுக்கு ஒரு வழி ஈக்கிண்டு எல்லா ஆம்புளைக்கும் தெரியும். அதால நீ போவண்டு நெனச்சன். அதுக்குத்தான் சேத்தன்.

— அப்ப அந்த வழியிலயே ஏன் மதிலத் தள்ளினீங்க?

— அது எங்கால போகுதுண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஓடைக் கரையால போகுதுண்டு நெனச்சீந்தன். ஒரு ஆம்புள அதுல கால் வெச்சதில்ல, எட்டிப் பாத்ததில்ல. பொம்புளைகளுட கதை கேட்டா இருமிட்டுத் திரும்பிப் போற ஆக்கள் நாங்க. கந்தோர்ல தொர கேக்கிறாரு, பின்னால ஆக்கள் போறாங்களாண்டு. எங்கட பொம்புளைகள் போறாங்கண்டு அவ்வளவு ஆக்களுக்கு முன்னால நான் செல்றதா? மானம் போகுமேண்டு குருவியும் போறதில்லண்டன். பெரிய வாய்க்காரன் நான்.

— நானும் செல்லல்ல, நீங்களும் செல்லல்ல.

— ஹாஜியார்ட கொத்தன் கட்டிட்டுப் போயிட்டான். அந்த அலவாங்கு எங்க? குசினிக்குப் பின்னால கெடந்திச்சே. நான் போய் மதில ஒடைக்கிறன். ஹாஜியார் பொலிசுக்குப் போகட்டும், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

— கருங்கல்லுங்க அது. ஒங்கட கையால ஒடச்சு நான் நொழைய விடிஞ்சிடும். மேலால ஏற ஏலாம ஒடஞ்ச போத்தல் ஓடு பதிச்சீக்கி. விடியும் வரைக்கும் அவ தாங்குவாளா? நான் போறன்.

— எதால?

— நீங்க வாங்கித் தந்த ரோட்டால.

— றலியா, நீ செல்றது என்னண்டு தெரியுமா ஒனக்கு? மூணு. ஒண்டில்ல, மீட்டெடுக்க.

— தெரியும். அவ பொறந்த நேரம் என்ட கையிலதான் மொதல்ல அழுதா. இண்டைக்கு அவ கதவப் பாத்துக்கிட்டு மௌத்தாப் போனா, நான் ஒங்களுக்குப் பொண்டாட்டியா இருந்து சோறு போட்டு என்ன பிரயோசனம்? அந்தச் சோத்த நீங்களும் திங்க மாட்டீங்க.

— மாட்டன்.

— அப்ப கதவத் தொறந்து விடுங்க.

— இரு. லாம்ப எடுத்துக்கிறன். இருட்டுது.

— நீங்க எதுக்கு?

— தனியா அனுப்பவா? என்ட வாயால மூடின வழி. கொண்டு போய் விடுறதாவது நான் செய்யணும். செருப்பப் போட்டுக்கோ, புதுக் கல்லு குத்தும்.

— அலுமாரி மேல் தட்டுல ஒங்கட சாரன் மடிச்சு வெச்சீக்கி. தலையணைக்குக் கீழ மருந்து ஈக்கி. கொய்னாவ வெறும் வயித்துல குடிக்காதீங்க, வாந்தி வரும். அந்தச் சோத்த மூடி வெச்சீக்கிறன், பசிச்சாச் சுட வெச்சுத் திங்கணும்.

— ம்.

— பின்கதவ அடைக்க மறந்திட்டன்.

— தொறந்து கெடக்கட்டும். இனி அதால யாரு வாற. கையத் தா.

— ரோட்டுலயா? சனம் ஈக்கி. பள்ளி வாசல்ல ஆக்கள் நிக்கிறாங்க.

— பாக்கட்டும். அண்டைக்குக் கேட்ட ஆக்கள்தானே, இதையும் பாக்கட்டும். றலியா, கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நாம இப்பிடிப் பக்கத்துல பக்கத்துல நடந்ததில்ல, என்ன?

— எங்க நடக்கிறது? நீங்க முன்னால போவீங்க, நான் வேலியோட ஒட்டிக்கிட்டுப் பின்னால வருவன். எடமில்லயே.

— இப்ப எடமீக்கி.

— ஓ. நல்ல அகலம்.

— ஒனக்கு என்னோட ஏதும் கொற ஈந்தா இப்ப செல்லிடு. மனசுல வெச்சிக்காத.

— கோவக்கார மனிசன். வேற கொறயில்ல. நீங்க?

— நீ எனக்கு ஒரு கொறயும் வெக்கல்ல. ஒரு நாளும் வெக்கல்ல.

— அழாதீங்க. லாம்பு ஆடுது.

— வாசல் வந்திட்டு.

— சத்தம் கேக்குது. அவதான். கேக்குதா ஒங்களுக்கு? உயிரோட ஈக்கிறா. உள்ள வாங்களன், ஒங்களத்தான் அவ நெனச்சிக்கிட்டு ஈப்பா, வாய்விட்டுச் செல்லாட்டியும்.

— நான் இந்த ரோட்டுல நிக்கிறன். புள்ள பொறந்தா காதுல பாங்கு செல்ல ஒரு ஆம்புள வேணும். தாஸிம் வந்து சேர முந்திப் பொறந்தா என்னக் கூப்பிடச் செல்லு. விடியும் வரைக்கும் நிப்பன்.

— நானே வந்து கூப்பிடுறன், பாயிஸாட வாப்பா.

— நீ வராத றலியா, அந்தோனியம்மாவ அனுப்பு. முக்காட்ட இழுத்து மொகத்த மூடிக்கிட்டு ஏறு. அந்தப் படியில ஒன்ட கால் பட்டதோட நான் ஒனக்கு அந்நிய ஆம்புள.